லீவரை மாற்றிய கை

ஷார்ஜாவின் தொழிற்பேட்டையான சனாயாவில், ஒர்க்‌ஷாப்புகள் நெருக்கியடித்து நிற்கிற அந்தத் தெருவில், கியர்பாக்ஸ் என்றால் கார்மேகம்தான். பரமக்குடிப் பக்கத்து ஆள். மற்ற ஒர்க்‌ஷாப்காரர்களும் அவரைத் தேடி வருவார்கள். அந்தப் பேரைத் தவிர அவருக்கு வேறு சொத்து இல்லை.

2005-இல் ஓர் அர்பாப், அரபு முதலாளி, 1951-ஆம் வருடத்து அமெரிக்கக் காரை அனுப்பினார். ஆட்டோமேட்டிக் கியர் வந்த புதிதில் செய்த வண்டி. கார்மேகம் அதோடு மல்லுக்கட்டி ஓடவைத்தார். அர்பாபின் டிரைவர் அம்மையப்பனிடம் விளக்கமாகவும் சொன்னார்: இதில் ‘பார்க்’ கிடையாது, லீவரை மேலே தள்ளினால் நியூட்ரல்தான். எஞ்சினை அணைத்துவிட்டு ரிவர்ஸில் போட்டால்தான் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

ஆனால் ஆகஸ்ட் வெயிலில் எந்த டிரைவர் எஞ்சினை அணைப்பார்? அர்பாப் ஏறும்போது உள்ளே ஜில்லென்று இருக்கவேண்டும். ஒர்க்‌ஷாப் வாசல் சரிவில் வண்டியை நிறுத்திய அம்மையப்பன், புது வண்டிகளில் பழகிய கையால் லீவரை மேலே தள்ளிவிட்டு, புதிதாகப் பொருத்தியிருந்த ஏசியை ஓடவிட்டபடி இறங்கினார். ஹேண்ட் பிரேக்கும் போடவில்லை. வண்டி பின்னால் உருண்டது. கீழே குனிந்து ஜாக்கை எடுத்துக்கொண்டிருந்த கார்மேகத்தைச் சுவரோடு வைத்து நசுக்கியது.

ஓடிவந்த அம்மையப்பன் முதலில் அவரைத் தொடவில்லை. கதவைத் திறந்து சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார், லீவரை ரிவர்ஸுக்கு மாற்றினார். அதன்பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டார். சுவரோடு ஒட்டிக் கிடந்த கார்மேகம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். போலீஸ் வந்து பார்த்தபோது எஞ்சின் அணைந்திருக்கிறது, லீவர் ரிவர்ஸில் இருக்கிறது. அப்படியும் உருண்டதென்றால் கியர்பாக்ஸ் வேலை சரியில்லை என்று முடிவானது. ராசியில்லாத வண்டி என்று அர்பாப் அதை உடனே விற்றுவிட்டார். பிரித்துப் பார்க்க வழியில்லை. கார்மேகம் சொன்னதை ஃபோர்மேன் கௌஸ் முகம்மதுகூட நம்பவில்லை. கியர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். விசா கேன்சல் ஆனது.

ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய்விட அர்பாப் அனுப்பியது அம்மையப்பனைத்தான். இறக்கி வீல்சேரில் உட்காரவைத்தபோது அம்மையப்பன் மெதுவாகச் சொன்னார்.

“உள்ள போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன் தம்பி.”

“கால் போனது போகட்டும்ணே. கியர் நல்லாத்தான் இருந்துச்சுன்னு கௌஸ் பாய்கிட்ட மட்டுமாவது சொல்லுங்க.”

அம்மையப்பன் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“பாய் கேட்டா சொல்றேன்.”

கௌஸ் முகம்மது இனி கேட்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.