தொப்பிக்கடியில் புனித லியோபா

பத்து மணி அடித்து முடிவதற்குள் வெண்டலின் ரோத் தன் தொப்பியைக் கழற்றிப் புனித லியோபா தேவாலயத்தின் மேல் கவிழ்த்துவிடுவார். வியாழன்தோறும், சந்தை நாளில், பன்னிரண்டு ஆண்டுகளாக இதைப் பார்த்துவருகிறேன். அவரது கட்டைவிரல் முதலில் பேராலயத்தின் இரட்டைக் கோபுரத்தைத் தேடும். அங்கிருந்து நகர மன்றத்தின் கூரையைத் தாண்டி லியோபாவின் கோபுரத்தைத் தொட்டதும் நிற்கும். "இன்னும் திருந்தல" என்பார். பிறகு தொப்பி.

சந்தைச் சதுக்கத்தின் கல்மேடையில் எங்கள் பழைய நகர மையம் முழுவதும் வெண்கலத்தில் சிறிதாக வார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து தேவாலயங்கள், பழைய நாணயச்சாலை, பாலம், எல்லாவற்றுக்கும் பிரெயிலில் பெயர். பார்வையற்றவர்கள் விரலால் படித்து வழி தெரிந்துகொள்வதற்காக ஒரு வணிகர் சங்கம் கொடுத்த அன்பளிப்பு. அதில் விரல் நீளமே இருக்கும் லியோபாவைத்தான் ரோத் மூடுகிறார்.

அவருக்கு வயது எழுபத்து மூன்று. பிறவியிலேயே பார்வை இல்லை. மாவட்ட நீதிமன்றத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். நீதிபதிகளின் வீட்டு எண்கள் இன்றும் அவருக்கு மனப்பாடம். மழையோ பனியோ, டை கட்டாமல் வெளியே வரமாட்டார். "புகார் சொல்லப் போறவன் ஒழுங்கா உடுத்திக்கணும். இல்லேன்னா குடிகாரன்னு சொல்லிடுவாங்க" என்பது அவர் கட்சி.

தொத்திறைச்சிக் கடைக்காரர் குன்டர் வாராவாரம் சீண்டுவார். "என்னய்யா ரோத், லியோபாவுக்குக் குளிருதா?"

"குளிரில்ல. வெட்கம்."

விவரம் தெரியாத சுற்றுலாக்காரர்கள் சில சமயம் தொப்பியின் மேல் ஒரு யூரோ நாணயத்தை வைத்துவிடுவதுண்டு. உலோகம் துணியில் விழும் அந்த மெல்லிய ஓசைக்கே அவர் முகம் சிவந்துவிடும். "எடுங்க அதை! நான் பிச்சை கேட்டு நிக்கல. ஒரு பொய்யை மூடிக்கிட்டு நிக்கிறேன்."

பொய் இதுதான். எங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் பலிபீடம் கிழக்கே, கோபுரம் மேற்கே. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கம். லியோபா மட்டும் விலக்கு. அதன் கோபுரம் கிழக்கே, பலிபீடத்துக்கு மேலேயே எழும்பி நிற்கிறது. வாசல் மேற்கே, லிண்டன் மரங்கள் நிழல் தரும் அமைதியான முற்றத்தில். வெண்கல வார்ப்புக்கான வரைபடத்தைச் சரிபார்த்த யாரோ ஒரு படித்தவர், கோபுரம் கிழக்கே இருப்பதைக் கண்டு, வரைந்தவர் தவறிவிட்டார் என்று எண்ணி, தேவாலயத்தை அப்படியே திருப்பிவிட்டார். சரியாக இருந்ததைத் திருத்திக் கெடுத்தார். அதனால் வெண்கலத்தில் லியோபாவின் வாசல் கிழக்கே இருக்கிறது. நிஜத்தில் அங்கே வாசல் இல்லை. டிராம் தண்டவாளம் இருக்கிறது.

ரோத் நகராட்சிப் பண்பாட்டுத் துறைக்குப் போனார். முனைவர் பட்டம் வாங்கிய அதிகாரி ஒருவர் அவருக்குப் பொறுமையாக விளக்கினாராம்: "ரோத் சார், கோபுரம்னா மேற்கேதான் இருக்கும். எல்லா ஊர்லயும் அப்படித்தான்." அந்த அதிகாரியின் ஜன்னலிலிருந்து பார்த்தால் லியோபாவின் கோபுரம் தெரியும், அதுவும் முழுசாக. "அந்த ஆளுக்குக் கண்ணு இருக்கு, என்ன பிரயோஜனம்? தலையைத் திருப்பணுமே!" என்று பேக்கரியில் வந்து மேசையைத் தட்டினார் ரோத். அங்கே என் அம்மா உல்லா வேலை பார்க்கிறாள். அவருடைய கசகசா பன்னை எடுத்து வைத்தபடியே, "மெதுவா, சாசர் உடையும்" என்றாள்.

பிறகு கடிதங்கள். தவறு இல்லை என்றது முதல் பதில். இரண்டாவது, தவறு இருக்கலாம், ஆனால் இது ஒரு கலைப்படைப்பு, சிற்பி காலமாகிவிட்டார், வாரிசுகளின் சம்மதமின்றி மாற்றுவது அவரது உரிமையை மீறுவதாகும் என்றது. பிழைக்கு உரிமை உண்டு. அந்தப் பிழையை நம்பி நடக்கிறவரின் எலும்புக்கு இல்லை! மூன்றாவது பதில் திறப்பு விழாவின் புகைப்படத்தை இணைத்திருந்தது. மேயருக்குப் பக்கத்தில், பார்வையற்றோர் சங்கத்தின் சார்பில், பேராலயக் கோபுரத்தின் மேல் கை வைத்துச் சிரிக்கும் ரோத். 'தாங்களே அன்று இதைப் பாராட்டி ஏற்றுக்கொண்டீர்கள்.'

அந்த மூன்றாவது பதிலைத் தட்டச்சு செய்தது நான்தான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்; படிக்கும் காலத்தில் அந்தத் துறையில் பகுதிநேர வேலை. வாக்கியம் நன்றாக அமைந்திருப்பதாகக்கூட அன்று நினைத்தேன். கலை வரலாறு படித்தவன், வெண்கலத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே தினமும் நடந்தவன், ஒருநாளும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. சொன்னதைத் தட்டச்சு அடிப்பதற்காகவா படித்தேன்? இதை ரோத்திடம் பிறகு ஒப்புக்கொண்டபோது அவர் என்னைத் திட்டவில்லை. "நீ அடிச்சது உண்மைதானே தம்பி" என்றார். "விழா அன்னிக்குத் தொட்டுப் பாக்கப் பத்து நிமிஷம் கொடுத்தாங்க. கேமராக்காரன் பேராலயத்து மேலேயே கையை வைக்கச் சொன்னான். வச்சேன். லியோபா பக்கம் விரல் போகவே இல்ல. படம் நல்லா வந்துச்சாம்."

கெர்லிண்ட் என்ற பெண்ணைப் பற்றி அவரே சொன்னது அன்றுதான். ஐம்பது வயதில் பார்வை போய், எங்கள் நகரத்துக்குப் புதிதாக வந்தவர். திறப்பு விழா முடிந்து மூன்றாம் வாரம், ஆர்கன் கச்சேரிக்குப் போக வேண்டும், லியோபாவின் வாசல் எந்தப் பக்கம் என்று ரோத்திடம் கேட்டிருக்கிறார். சிறு வயதிலிருந்து அந்த வாசலுக்குக் கால் பழகியவர் ரோத். லிண்டன் மரங்களின் பக்கம் என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் மேயருக்குப் பக்கத்தில் நின்ற பெருமை இன்னும் இறங்கவில்லை. "வெண்கலத்தைத் தொட்டுப் பாருங்க. அது பொய் சொல்லாது" என்றார்.

கெர்லிண்ட் தொட்டுப் பார்த்தார். கிழக்கே போனார். டிராம் ஓட்டுநர் சட்டென்று நிறுத்தியதால் உயிர் தப்பியது. இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. பிரெயில் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த கை அது. இரண்டு மாதத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார், வடக்கே, கடலோரம்.

கடந்த வியாழன், வசந்தத்தின் முதல் காயான வெள்ளை ஆஸ்பாரகஸ் தண்டுகள் வந்து சந்தை நிரம்பியிருந்த காலை, பன்னை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள் அம்மா. குளிரில் அவர் காது சிவந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ரோத் சார், ஒண்ணு கேட்பேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்தம்மாகிட்ட ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இது சரியாகட்டும் உல்லாம்மா. சரியானதும் கூப்பிடுவேன். வாங்க, இப்பத் தொட்டுப் பாருங்கன்னு சொல்லணும். வெறுங்கையோட என்னத்தச் சொல்றது?"

"இவனுங்க எப்பத் திருத்துறது, நீங்க எப்பக் கூப்பிடறது? திருப்பி வச்சது அவனுங்க, சரி. போய்த் தொடுன்னு சொன்னது யாரு?"

ரோத் டையைச் சரிசெய்துகொண்டார். கோட்டுப் பையிலிருந்து பொத்தான் வைத்த பழைய மடக்குக் கைபேசியை எடுத்தார். யாரிடமும் கேட்காமல், எதையும் தேடாமல், கட்டைவிரல் எண்களை அழுத்திக்கொண்டே போனது. கடைசி எண்ணின் மேல் வந்து, அழுத்தாமல் நின்றது.

நகராட்சியின் மேல் எனக்கிருக்கும் கோபம் இதை எழுதும்போதும் குறையவில்லை. ஆனால் அந்த நிமிடம் நான் பார்த்துக்கொண்டிருந்தது நகராட்சியை அல்ல, அவருடைய கட்டைவிரலை.

டிராம் ஒன்று மணியடித்தபடி லியோபாவின் பின்புறம் வளைந்து போனது. அதன் ஓசை மறையும்வரை கேட்டிருந்தார். பிறகு கைபேசியை மடக்கிப் பையில் போட்டுவிட்டு, தொப்பியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, தேவாலயத்தின் மேல் இன்னும் இறுக்கமாக அழுத்தினார்.