தீப்பெட்டிக்குள் பொன்வண்டு

விழுப்புரம் வீட்டில், டிவி திரையில் ஓடிய வீடியோ கேமில் வலையோடு மரத்தடியில் பதுங்கியிருந்தேன். அந்த விளையாட்டில் பச்சை வண்டு இன்றைக்குத்தான் கடைசியாக வரும். விட்டால் அடுத்த வருடம்தான். சமையலறையில் அத்தை தீப்பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே இருப்பது குச்சிதானா என்று சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் திறப்பார்.

அந்தப் பழக்கத்துக்கு நான்தான் காரணம். சின்ன வயதில் காலாண்டு லீவில் முகையூருக்கு அத்தை வீட்டுக்குப் போவேன். மழை ஈரம் காயாத கொடுக்காப்புளி மரத்தில் ஏறிப் பொன்வண்டு பிடித்து, தழையோடு தீப்பெட்டியில் வைப்பேன். இரவெல்லாம் அது சுரண்டும். ஒருநாள் அடுப்புப் பற்றவைக்க அதைத் திறந்த அத்தையின் மூக்கிலேயே வண்டு மோதியது.

"பொட்டப் புள்ளைக்கு வண்டு எதுக்குடி?"

"ஒங்க புள்ள மட்டும் புடிக்கலாமா?"

முதுகில் ஓர் அறை விழுந்தது. மறுநாளும் மரமேறினேன்.

அந்தப் பிள்ளையைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். இப்போது அத்தை குரல் கொடுத்தார்: "நான் ஒல வைக்கிறேன், நீ இன்னும் பூச்சி புடிச்சிக்கினு இருக்கியா?"

"ஒங்க புள்ளைய வைக்கச் சொல்லுங்க அத்தை. சோறு தெனம் வேவும். இந்த வண்டு இன்னியோட சரி."

வலையை ஓங்கினேன்.