மூன்றரை அடிச் சமதளம்

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஏழாவது கேள்வி: "கட்டடம் அமையவுள்ள நிலம் – சமதளம் / சரிவு. பொருத்தமற்றதை வெட்டிவிடுக." நான் சரிவை வெட்டிவிட்டேன். பேனாவால்தான். மண்வெட்டியால் வெட்டியிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

சத்தியமாகச் சொல்கிறேன், பொய் எழுதும் நினைப்பு எனக்கு இல்லை. பன்விலைக்கு மேலே தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்தில் குடத்தை வைத்தால் உருளாமல் நிற்கிற இடமெல்லாம் சமதளம். பாடசாலைக்கென்று தோட்டம் விட்டுக்கொடுத்த புல்தரையில் குடம் நின்றது. நான் வைத்தே பார்த்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியன் வேறு எப்படிப் பார்ப்பான்?

எங்களுடையது தோட்டப் பாடசாலையாக இருந்து அரசாங்கம் எடுத்துக்கொண்ட பள்ளிக்கூடம். எடுத்துக்கொண்டவர்கள் பெயர்ப்பலகையை மாற்றினார்கள், கொட்டகையை மாற்றவில்லை. ஒரே தகரக் கொட்டகை, நான்கு பக்கம் பார்த்து நான்கு வகுப்பு. ஐந்தாவது வகுப்பு வெயிலடித்தால் மரத்தடியில், மழையடித்தால் வீட்டில். பல வருடம் கடிதம் எழுதி, கடைசியில் எண்பதடிக்கு இருபதடியில் நான்கு அறைகள் (மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குச் சேர்த்து ஓர் அறை) கொண்ட ஒரு கட்டடத்துக்கு மாகாணத்திலிருந்து பணம் ஒதுக்கினார்கள். கட்டும் பொறுப்பு பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த அபிவிருத்திச் சங்கத்துக்கு. அந்தச் சங்கத்தின் செயலாளர் நான். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அது அந்த வருடத்துப் பணம். டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடும். அடுத்த வருடம் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். கையெழுத்து விழ வேண்டுமென்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து, "நிலமும் வரைபடமும் பொருந்துகின்றன" என்று எழுத வேண்டும். டீ.ஓ. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எங்கள் டீ.ஓ. பொறுப்பில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள். நவம்பர் பிறந்தும் அவர் வரவில்லை.

அதற்குள் நான் இன்னொரு கெட்டித்தனம் செய்திருந்தேன். "பணம்தான் வந்துட்டுதே, பழைய கொட்டகையைக் கழட்டிப் போட்டால் தகரம் வேலைக்காரருக்கு மறைப்புக் கட்ட உதவுமே" என்று கூட்டத்தில் யோசனை சொன்னேன். கைதட்டினார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொட்டகை இல்லாமல் போயிற்று. நூற்றுப்பத்துப் பிள்ளைகளும் பிள்ளைக்காம்பராவுக்குள் போனார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. தோட்டத்துத் துரை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: டிசம்பருக்குள் அத்திவாரம் கண்ணில் தெரிந்தால் கட்டி முடியும்வரை இருக்கலாம். தெரியாவிட்டால் ஜனவரியில் வெளியே.

பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்று மிகவும் தாழ்ந்து கேட்டார்: "வீடு கட்ட முந்தி வீட்டை இடிச்ச ஆளை நான் இப்பதான் காணுறன். உமக்கு எல்லாம் பகிடி, என்ன?"

நவம்பர் நடுவில், அடைமழைக்கு இடையே கொஞ்சம் வெளித்த ஒரு காலையில், டீ.ஓ. வந்து சேர்ந்தார். கெலிஓயாக்காரர், முஸ்லிம் மனிதர், ஆள் பருமன். எங்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வந்து, புல்தரையை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பையிலிருந்து கண்ணாடி போலத் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய்ச் சுருளை எடுத்தார்.

அதில் தண்ணீர் நிரப்பினார். தண்ணீர் நிரப்பிய குழாய்க்குப் பன்விலையும் தெரியாது, கெலிஓயாவும் தெரியாது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

மேல்முனையில், கொய்யாமரத்தடியில், இரண்டு தடிகளைச் சேர்த்து நிறுத்தி, தண்ணீர் நின்ற உயரத்தில் இரண்டிலும் கோடு போட்டார். ஒரு தடியையும் குழாயின் ஒரு முனையையும் என்னிடம் தந்தார்.

"மாஸ்டர், நடக்கக்குள்ள தண்ணி சிந்தாம வெரலால மூடிக்கிட்டுப் போங்க. அந்தக் கோடிக்குப் போய்த் தடிய வெச்சிட்டு வெரல எடுங்க. நான் இங்க பாக்குறேன்."

கட்டைவிரலால் மூடிக்கொண்டு நடந்தேன். எண்பதடி. கண்டி வரைக்கும் நடந்தது போலிருந்தது. கீழ்க்கோடியில், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில், எங்கள் மேசன் பாஸ் நின்றுகொண்டிருந்தார். அவர் தோட்டத்துப் பிள்ளைதான். கண்டியில் பெரிய பெரிய வீடுகளுக்குச் சுவர் வைத்தவர். இந்தக் கட்டடத்துக்கும் அவர்தான் கல் வைப்பதாக இருந்தது. நான் தடியை நிறுத்தியதும் அவர் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் பேசினார்.

"சேர், வெரல எடுத்துறாதீங்க."

"என்ன பாஸ் சொல்றீங்க?"

"மூடியே வச்சிருந்தா அங்கிட்டுத் தண்ணி எறங்காது. மட்டம்னு எழுதிட்டுப் போயிருவாரு. காசு வந்துரும்."

அங்கிருந்து டீ.ஓ. கத்தினார்: "வெரல எடுத்திட்டீங்களா, மாஸ்டர்?"

மேட்டில் அதிபர் அம்மா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர், வேலைக்குப் போகாமல் அரைநாள் சம்பளப் பேரை விட்டுவிட்டு வந்தவர்கள், என் பக்கமே பார்த்தார்கள். எடுத்தால் படிவம் திரும்பிப் போகும், பணமும் திரும்பும், ஜனவரியில் நூற்றுப்பத்துப் பேரும் மழையில். எடுக்காவிட்டால் எல்லாம் சரி. எண்பதடி தூரத்திலிருந்து ஒரு விரல் யாருக்குத் தெரியப்போகிறது?

"இந்தப் பக்கம் பள்ளம் கிடக்கே, அதை என்ன செய்வீங்க?" என்று பாஸிடம் முணுமுணுத்தேன்.

"மண்ணப் போட்டு நெரப்பி மேல கட்டிக்கலாம் சேர்."

"தாங்குமா?"

"ரெண்டு வருசம் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த கவர்மெண்டு பாத்துக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நெருக்கடியில் சிரிப்பு வருவது என் பிறவிக் குணம், அதற்காக நல்ல இடங்களில் எல்லாம் அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் விரல் மட்டும் எடுபடவில்லை. அது ஒட்டிக்கொண்டது போல் நின்றது. "மாஸ்டர்! தண்ணி அசையாம ஈக்குதே, என்ன செய்றீங்க அங்க?" என்று மறுபடியும் குரல் வந்தது.

சும்மா நிற்க முடியாமல், பேச்சுக்குத்தான் கேட்டேன்: "ஒங்க சின்னவ எந்த வகுப்பு பாஸ்?"

"ஜனவரியில ஒண்ணாம் வகுப்பு."

"ஒண்ணாம் வகுப்புக்கு இந்தக் கோடி அறைதான்."

பாஸ் கால்விரலால் புல்லைக் கிண்டினார். ஈரமண் அப்படியே பிட்டுக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

நானே எடுத்தேன் என்று பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இல்லை, எடுத்தது அவர்.

குழாயிலிருந்து தண்ணீர் பீறிக்கொண்டு கிளம்பி என் முகம், சட்டை, பையிலிருந்த பேனா எல்லாவற்றையும் நனைத்தது. மேல்முனையில் டீ.ஓ.வின் குழாயில் தண்ணீர் சரசரவென்று இறங்கிக் காணாமல் போயிற்று.

"அல்லாவே! இது சமதளமா மாஸ்டர், தண்ணி கொட்டுற பீலியா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மறுபடி தண்ணீர் நிரப்பி ஒழுங்காக அளந்தார். மூன்றரை அடி வித்தியாசம். ஒரு கல்லில் உட்கார்ந்து, படிவத்தைப் புரட்டி, ஏழாவது கேள்வியில் விரல் வைத்தார்.

"இத யார் எழுதினது?"

"நான்தான்." குடம் வைத்துப் பார்த்த கதையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே கேவலமாகக் கேட்டது.

"எங்கட ஊர்ல கங்கைக் கரையில ஒரு வயல் ஈக்குது. வந்து பாருங்க, சமதளம்னா என்னன்னு காட்டுறேன்" என்றார். பிறகு முகம் மாறியது. "நான் இதத் திருப்பித்தான் அனுப்பணும். வேற வழியில்ல."

அதிபர் அம்மா குடையை மடக்கினார். "ஓம், அனுப்புங்கோ. ஆனா பிள்ளையளை எங்கை இருத்துறதெண்டு அந்தக் கடிதத்திலயே எழுதி அனுப்புங்கோ."

டீ.ஓ. எழும்பி நிலத்தை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார். மேகம் இறங்கி எதிர்மலையை மூடியது. பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் அவர் பாஸைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தடியால் ஈரமண்ணில் கோடு கிழித்தார்கள், அழித்தார்கள், மறுபடி கிழித்தார்கள்.

"நடுவுல ஒடச்சி ரெண்டு தட்டாக் கட்டலாம்" என்றார் டீ.ஓ. "உள்ளுக்க மூணு படி வரும். ஆனா அத்திவாரக் கல்லு வேல கூடும். ஒதுக்கின தொகைக்கு மேல ஒரு சதம் போனாலும் பைல் மேலிடத்துக்குப் போகும், டிசம்பருக்குள்ள வராது. அதே தொகைக்குள்ள செய்யணும்னா அறுபதடிதான். ஒரு அறைய விடணும். எந்த வகுப்ப விடுறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பாசிரியர்.

அவர் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து திருத்தப் படத்தை வரைந்தார். ஏழாவது கேள்வியில் சமதளத்தை வெட்டிவிட்டு, சரிவு என்று புதிதாக எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தை வாங்கினார். என் பேனா நனைந்து போயிருந்ததால் அவருடைய பேனாவால் போட்டேன். பைலை நானே சுமந்துகொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். காலையிலிருந்து ஒரு மர வாங்கில் குந்தியிருந்து, யார் கதவைத் திறந்தாலும் எழும்பி எழும்பி நின்றேன். தேநீர் கொண்டு வந்தவருக்கும் எழும்பி நின்றேன். மாலை மூன்று மணிக்குக் கையெழுத்து விழுந்தது. டிசம்பரில் துரையின் கண்ணில் அத்திவாரம் தெரிந்தது.

கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. திறப்புவிழாவில் அந்த மூன்று படியில் முதலில் இடறி விழுந்தவன் நான்தான். பாஸின் சின்னவள் கோடி அறையில்தான் ஒன்றாம் வகுப்பைப் படித்து முடித்தாள்.

ஒரு வகுப்பு மட்டும் என்றால் இருக்கட்டும் என்று துரை இறங்கி வந்ததால், ஐந்தாம் வகுப்பும் நானும் இன்னும் இரண்டு வருடம் பிள்ளைக்காம்பராவிலேயே கிடந்தோம். தொட்டில்களுக்கு நடுவே நீள்வகுத்தல் சொல்லிக் கொடுத்தேன். கைக்குழந்தைகளைப் பார்க்கிற ஆயாவிடம் ஒருநாள், "எங்களால ஒங்களுக்குக் கரைச்சல்தான் ஆயா" என்று மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சேர்" என்றாள் அவள். "நீங்க பாடம் நடத்த ஆரம்பிச்சா புள்ளைங்க எல்லாம் நல்லாத் தூங்குதுங்க."