குதிரை எருவும் ஆறு போஞ்சிச் சாடிகளும்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் மலைச்சரிவு ஒன்றில் ஒரு தோட்டச் சங்கம் இருக்கிறது. மாடிவீடுகளில் வசிப்பவர்களுக்குத் துண்டு துண்டாக நிலம் கொடுக்கும் சங்கம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே பயிர் ஆலோசனை சொல்லப் போகிறேன். நான் இந்த நாட்டில் வளர்ந்தவள், தோட்டக்கலையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்தவள். வாடிய இலையைக் கண்டால் எனக்குப் பதற்றம் வராது, கேள்விதான் வரும்.

போன வருடம் மே முடிவில் நான் போனபோது சங்கத் தலைவர் ஓர் அக்காவின் பாத்தியருகே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா யாழ்ப்பாணத்தவர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவருடைய தக்காளிக் கன்றுகளின் நுனியிலைகள் சுருண்டு, பன்னச் செடியின் இலை போலக் குறுகிக் கிடந்தன.

"இது வைரஸ். எங்கிருந்தோ விதை கொண்டுவந்திருக்கிறார். இன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும்" என்றார் தலைவர்.

அக்காவுக்கு ஜெர்மன் நன்றாக வரும். கோபத்தில் அது கைவிட்டுவிட்டது. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"தங்கச்சி, நான் ஊரிலயிருந்து ஒரு விதையும் கொண்டு வரேல்லை. கன்றெல்லாம் இஞ்சை சந்தையிலதான் வாங்கினனான். பிடுங்க ஏலாது எண்டு சொல்லுங்கோ."

நான் குனிந்து பார்த்தேன். தக்காளி மட்டுமல்ல, பக்கத்தில் முளைத்த போஞ்சியும், அதாவது பீன்ஸும், சுருண்டிருந்தது. அதே பாத்தியில் வெங்காயம் மட்டும் நிமிர்ந்து நின்றது. ஒரே வைரஸ் தக்காளியையும் போஞ்சியையும் ஒரே நேரத்தில் இப்படி அடிப்பது அபூர்வம்.

"அக்கா, என்ன எரு போட்டனீங்கள்?"

"குதிரை எரு. மேல இருக்கிற லாயத்திலயிருந்து. நல்லா உக்கினது."

கோளாறு எருவில்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் தலைவருக்கு என் வாய்ச்சொல் போதாது. "மூன்று வாரம் தாருங்கள். வைரஸ் என்றால் நானே பிடுங்குகிறேன்" என்றேன். ஆறு சாடிகள் எடுத்தோம். மூன்றில் கடையில் வாங்கிய மண், மற்ற மூன்றில் அதே மண்ணோடு அக்காவிடம் மிச்சமிருந்த எரு. எல்லாவற்றிலும் போஞ்சி ஊன்றி, தலைவரின் குடிலிலேயே ஜன்னலோரம் வைத்தேன். தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் அவருக்குத்தான்.

மூன்று வாரம் முடியுமுன்பே தொலைபேசியில் கூப்பிட்டார். "வந்து பாருங்கள்" என்றார், அவ்வளவுதான். எரு கலந்த சாடிகளில் போஞ்சி முறுகிக் கிடந்தது. மற்றவற்றில் இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன.

தலைவர், அக்கா, நான் மூவருமாக லாயத்துக்குப் போனோம். அதை நடத்தும் பெண், குதிரைகளுக்கு உலர்புல் விற்றவரை அங்கேயே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அவர் புல்வெளியில் களைக்கொல்லி அடித்திருந்தார். அந்த மருந்து வெங்காயம், சோளம் போன்றவற்றை விட்டுவிடும், அகன்ற இலைச் செடிகளைத்தான் தாக்கும். புல் காய்ந்தாலும், குதிரையின் வயிற்றைக் கடந்தாலும் அது அழிவதில்லை. லாயத்துப் பெண் உடனே எரு வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துத் தந்தார். எங்கள் சங்கத்தில் இன்னும் இரண்டு பேர் அதைக் குவித்து மூடி வைத்திருந்தார்கள். மண்ணில் கலக்குமுன் தடுத்துவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, எல்லோர் முன்னிலையிலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா சிரித்து மழுப்பவில்லை. "இனிமேல் முதலில் கேளுங்கள், பிறகு குற்றம் சொல்லுங்கள்" என்று தெளிவான ஜெர்மனில் சொன்னார். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வருடம் அக்காவுக்குத் தக்காளி இல்லை. "அப்ப இந்த மண்ணில என்னதான் வரும்?" என்று கேட்டார். சோளம் வரும் என்றேன். ஊன்றினார், ஆளுயரம் வளர்ந்தது. இப்போது இளவேனிலில் எரு போடுமுன் சங்கத்தில் எல்லோரும் போஞ்சி ஊன்றிப் பார்க்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு அதைச் செய்து காட்டுவது அக்காதான். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.