டெஸ்டர் மாமா வீட்டுக் குழாய்

ஊர் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய அன்று, கீழ் வீட்டு இரும்புக் கதவு கீச்சிட்டது. பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கதவு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

எங்கள் வீடு மாடியில். கீழே டெஸ்டர் மாமாவும் அத்தையும். சொந்தமெல்லாம் கிடையாது, ஆனாலும் நான் பாதி வளர்ந்தது அவர்கள் வீட்டில்தான். மாமா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், இவர் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டர் வைத்திருப்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அத்தை பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். எனக்கு ஊர் சுற்றும் கிறுக்கு பிடித்ததே அவருடைய உலக உருண்டையால்தான். ஒருமுறை நான் சுற்றிய வேகத்தில் அதன் அச்சு உடைந்தது. மாமா சைக்கிள் கம்பி ஒன்றைச் செருகிக் கொடுத்தார். அதற்குப் பிறகு முன்பைவிட நன்றாகச் சுழன்றது.

அந்த வீட்டில் மின்விசிறி முனகாது, ஜன்னல் கொக்கி ஆடாது, குழாய் சொட்டாது. பரீட்சை நேரத்தில் அம்மா என்னை அங்கேதான் படிக்க அனுப்புவார். எங்கெங்கோ வாடகை அறைகளில், ஆடும் கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்தக் கூடத்தின் அமைதியையும் மாமாவின் கை எண்ணெய் வாசனையையும் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

"அத்தை எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்கிட்டு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார் அம்மா. "கீழ போய் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

போனேன். மாமா டீ போட்டுக்கொண்டிருந்தார். சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டாக ஒரு கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"மாமா, குழாய்!"

"தெரியும்."

"வாஷர் போயிடுச்சா?"

"வாஷர்தான். டீ ஆறறதுக்குள்ள மாத்திடலாம். மாத்தக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகவில்லை. கேட்டேன். அவரும் சொல்லக் காத்திருந்தவர்போலச் சொன்னார்.

அத்தையின் அம்மா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து வீடு வந்தபின் அத்தை கூடத்துச் சுவரில் சாய்ந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டார். மாமா முதலில் மிக்ஸியைக் கழற்றினார். அடுத்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். அப்புறம் வீடு முழுக்க ஒயரிங் மாற்றக் கிளம்பினார்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டு ஸ்டூல் மேல நிக்கிறேன். அவ கீழ இருட்டில உக்காந்திருக்கா. 'இந்த வீட்டில எல்லாம் ஓடுது, நான்தான் நின்னு போயிருக்கேன். பக்கத்தில உக்காருங்கன்னா ஏங்க ஸ்டூல் மேல ஏறுறீங்க'ன்னா. மறுநாள் கிளம்பிட்டா."

அதன்பின் மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. மாத்திரை கேட்டுப் போனவரை, டாக்டர் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பிவைத்தார்.

"சின்னப் பொண்ணு. உன்னைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். ஒரு கேள்வி கேட்டுட்டுப் பேசாம உக்காந்துடுது. நானும் எவ்வளவு நேரம்தான் சுவத்தைப் பார்க்கிறது? அந்த ரூம் கதவு கீல் வேற கத்துச்சு. அடுத்த வாரம் எண்ணெய் டப்பாவோட போயிட்டேன்."

"ஐயோ மாமா!"

"சிரிக்காதே. கீலுக்கு எண்ணெய் விட நான் எழுந்திரிச்சதும், 'உக்காருங்க சார், அது இன்னைக்குக் கத்தட்டும்'னுது. டப்பாவோட உக்காந்துட்டேன். 'நான் பேசாம இருந்தப்போ என்ன நினைச்சீங்க'ன்னு கேட்டுது. 'என் மேல கோவம்னு நினைச்சேன் மேடம்'னேன். 'நமக்குள்ள கோவப்பட ஒண்ணும் நடக்கலையே. இதுக்கு முன்னாடி யார் உங்ககிட்ட இப்படிப் பேசாம இருந்தாங்க'ன்னு கேட்டுது. பெரியம்மான்னு வாயில வந்துடுச்சு. நான் நினைச்சுச் சொல்லலை. அதுவா வந்துச்சு."

மாமாவின் அம்மா வேலைக்காக வேறு ஊரில் இருந்தார், விடுமுறைக்குத்தான் வருவார். மாமாவை வளர்த்தது பெரியம்மா. அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். தட்டை முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ன தப்பு என்றும் சொல்ல மாட்டார். பையன் நாள் முழுக்க அவர் புடவை நுனியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பான். அப்படி ஒரு நாள், பாடாமல் கிடந்த ரேடியோவைக் காய் நறுக்கும் கத்தியால் திறந்து எதையோ நெம்பினான். ரேடியோ பாடியது. பெரியம்மா திரும்பி, "அட, பாடுதே!" என்றார்.

"அந்த ஒரு 'அட'வுக்காக அந்த வீட்டில நான் எதைத்தான் கழட்டாம விட்டேன்?" மாமா சிரித்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. "நல்லவங்கதான்மா. அவங்களுக்கு என்ன பாரமோ. இப்பவும் பழைய ரேடியோ சூடாகிற வாசனை வந்தா, யாரோ என்னைக் கூப்பிடப் போறாங்கன்னு தோணும்."

நான் ஏங்கிய அந்த அமைதியான மாலைகளில் அத்தையும் மாமாவும் பேசிக்கொண்டார்களா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் இருந்ததெல்லாம் ஸ்பேனர் சத்தம்தான்.

"ஞாயித்துக்கிழமை வர்றா" என்றார் மாமா. "இருக்கிறதா, மிச்சத் துணியை எடுத்துட்டுப் போறதான்னு வந்து சொல்றேன்னிருக்கா. நீயும் வந்து உக்காரு. தனியா இருந்தா ஸ்டூல் மேல ஏறிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். கையில் ஒரு காலிப் பை.

"என்னடி, உருண்டையைத் தேய்ச்சுட்டு வந்துட்டியா?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, பையை நாற்காலிக் காலடியில் வைத்தார். மாமா டீ கொண்டுவந்தார். நலம் விசாரித்து முடிந்தது. அத்தை ஜன்னலைப் பார்த்தபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்.

குழாய் சொட்டியது.

மாமாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அத்தை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகக் குனிந்து பையின் காதைப் பிடித்தார். மாமா டெஸ்டரை வெளியே எடுத்தார். எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மேசைக்கு அடியில் அதை என் கையில் திணித்தார்.

"பேசாம இருக்கியே," என்றார் அத்தையிடம். குரல் பள்ளிக்கூடப் பையன் குரல்போல இருந்தது. "என் மேல கோவமா?"

அத்தை பையின் காதை விட்டார்.

"இல்லையே. அம்மா இந்த நேரத்துக்குத்தான் வெயில்ல உக்காந்து தலை காய வைப்பாங்க. அதை நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"சொல்லேன்."

"என்னத்தைச் சொல்றது?"

"தலை காய வெச்சதைச் சொல்லு. நான் எங்கேயும் போகல."

அத்தை நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தன் அம்மாவின் முடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சிக்கெடுக்கும்போது யாரும் பக்கத்தில் போக முடியாதாம், சீப்பால் அடி விழுமாம். பாதியில் அழுதார். மாமா ஒன்றும் செய்யாமல், செய்யத் தெரியாமல், உட்கார்ந்திருந்தார். கால் மட்டும் தரையில் தாளம் போட்டது.

கிண்ணம் நிரம்பி வழிந்தபோது அத்தைதான் எழுந்தார். தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து கிண்ணத்தைத் திரும்பக் குழாயடியில் வைத்தார்.

"மெக்கானிக் வீட்டுக் குழாயைப் பாரு, வெட்கக்கேடு" என்றார்.

"மாத்திடட்டுமா?"

"நாளைக்கு மாத்துங்க. இப்ப உக்காருங்க."

நான் மாடிக்கு வந்த பிறகுதான் டெஸ்டர் இன்னும் என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். அந்த வாரம் முழுக்க அதைக் கேட்டு யாரும் வரவில்லை.