அம்மாவின் குதிகாலில் தங்கையின் மருந்து

அம்மாவின் குதிகாலில் ஒட்டியிருந்த ஜெல்லைக் கண்டுபிடித்தவள் என் தங்கைதான் என்று எங்கள் குடும்பமே நம்பியது. ஹைட்ரோஜெல் என்னும் அத்தகைய ஜெல்லிலிருந்து மருந்து எவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது என்று அளப்பது சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை. அம்மாவின் காலில் இருந்த ஜெல் ஒட்டோ, அவள் மருந்துக்கடையில் வாங்கி அனுப்பியது. “நான் செஞ்சது இல்லம்மா” என்று அவள் சொல்லச் சொல்ல, அம்மா அதைத் தன்னடக்கமாக எடுத்துக்கொண்டார்.

மலேசியாவில், யோங் பெங் ஊரில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவின் நீரிழிவுப் புண்ணைக் கழுவி ஒட்டு மாற்றுகிறவள் நான். தங்கை தொலைபேசியில் விளக்கினாள்: “சிரப்ல ஊறின செலாசே விதை, அந்தச் சப்ஜா விதை மாதிரிதான்க்கா. தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, மருந்தக் கொஞ்சங் கொஞ்சமா விடும். மூணு நாளைக்குத் தொடாதீங்க.”

அம்மா தொட்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். எதிர்வீட்டு அம்மாள் குனிந்து பார்த்து, “அலமாக், கண்ணாடி மாதிரி இருக்கே! சின்னவ மூளைக்காரி லா,” என்றார்.

“பெரியவ வீட்டோட இருக்கா,” என்றார் அம்மா, யாரும் கேட்காமலே.

தேநீர் கொண்டுவந்த நான், பிரிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அது அறியாமை அல்ல. புண் ஆறாததை ஒவ்வொரு முறையும் கண்டேன். அவளுடைய மருந்தும் தோற்கிறது என்று உள்ளுக்குள் ஒரு நிறைவு பரவியது. அதே கைகளால்தான் அந்தப் பாதத்தை ஏந்தி உப்புநீரால் நனைத்தேன்.

மூன்றாம் வாரம் கிளினிக் தாதி, புண்ணின் ஓரம் கறுத்திருப்பதைக் காட்டி, இப்படியே போனால் காலை எடுக்க நேரிடும் என்றார். மறுநாளே பேருந்தில் வந்திறங்கிய தங்கை, “நான்தான் தப்பான ஒட்டு வாங்கிட்டேனாக்கா?” என்று அழுதாள்.

“ஒட்டு சரிதான். அம்மா தினமும் பிரிச்சாங்க. பார்த்துக்கிட்டே இருந்தேன், தடுக்கல.”

“ஏன்க்கா?”

“எல்லாரும் ஒன்னப் பத்தியே பேசினாங்க.”

அவள் ஏசவில்லை. அன்று புண்ணைத் தானே கழுவ உட்கார்ந்தாள். ஆய்வுக்கூடத்தில் பழகிய அந்த விரல்களுக்குப் பாதத்தை ஏந்தத் தெரியவில்லை. நீர் பாயெங்கும் சிந்தியது. “மெதுவாடி! அக்காகிட்ட குடு, அவளுக்குத்தான் பதம் தெரியும்,” என்றார் அம்மா. அந்த ஒரு வாக்கியத்துக்காக இத்தனை நாள் ஒரு காலைப் பணயம் வைத்திருந்தேன்.

அதன்பின் ஒட்டின்மேல் துணிக்கட்டுப் போட்டேன், யாரையும் தொடவிடவில்லை. புண் மூடப் பல மாதங்களாயின. சின்ன மகள்தான் குணப்படுத்தினாள் என்று அம்மா இன்றும் சொல்கிறார். எனக்கு இன்றும் சுருக்கென்கிறது.

இப்போது வாரக் கடைசியில் வந்துபோகும் தங்கை ஞாயிறுதோறும் சிங்கப்பூருக்குத் திரும்பிவிடுகிறாள். வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.