என் ரத்தம் மட்டும் ஒளிரவில்லை

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது இது. வேலூரில் படிப்பை முடித்துவிட்டு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது.

நம் ரத்தத்தில் ‘நேச்சுரல் கில்லர்’ என்று ஒருவகை வெள்ளையணுக்கள் உண்டு. பெயர்தான் பயங்கரம், வைரஸ் புகுந்த செல்களையும் புற்றுநோய் செல்களையும் தேடி அழிக்கிற நல்ல பிள்ளைகள். அவற்றின் மேல் இருக்கும் ரிசப்டர் என்ற ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்க, வெளிநாட்டிலிருந்து ஒளிரும் சாயம் சேர்த்த ஓர் ஆன்டிபாடி வரவழைத்திருந்தோம். சுண்டுவிரல் உயரக் குப்பி. அதில் துளி எடுத்து ரத்தத்தில் கலந்தால், ரிசப்டர்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். மெஷினில் வைத்தால் ஒளிரும்.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். அதற்கு எப்போதும் புதிதாக வந்தவர்தான் பலியாடு. கையை நீட்டினேன். நோயாளிகள் எல்லோருடைய ரத்தமும் ஒளிர்ந்தது. என்னுடையது மட்டும் இருட்டு. மறுபடி செய்தேன், அதே இருட்டு. ஆன்டிபாடி கெட்டிருந்தால் மற்றவர்களுக்கும் ஒளிர்ந்திருக்காதே! அந்த மாதம் முழுக்க எனக்கு விடாத சளி வேறு. ஏதோ பெரிய வியாதி என்று முடிவே கட்டிவிட்டேன். கேட்கலாமென்றால் எங்கள் தலைமை விஞ்ஞானி வெளியூர் போயிருந்தார். ஜோகுபாளையத்து வாடகை அறையில் படுத்து அழுதேன்.

மறுநாள் என் முகத்தைப் பார்த்ததுமே, லிங்கராஜபுரத்திலிருந்து வரும் டெக்னீஷியன் அக்கா பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“லூசாடி நீ? உன் ஒருத்தி ரத்தத்த பாத்துட்டு நீயே சீட்டு கிழிச்சுக்குவியா? என்னுதும் எடு. எல்லாருதும் பாத்துடலாம்.”

அக்காவுக்கு ஊசி என்றால் உயிர் போகும். யாராவது ஊசியைக் கையில் எடுத்தாலே கேன்டீன் பக்கம் நழுவிவிடுவார். அதற்காக அவரை நாங்கள் ஓட்டாத நாள் இல்லை. அன்று கண்ணை இறுக மூடி, “ஏசப்பா, ஏசப்பா” என்று முணுமுணுத்தபடி கையை நீட்டினார். வெளிறிய முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தவர், கொஞ்சம் தண்ணீர் குடித்ததும் எழுந்து, கட்டடம் முழுக்கச் சுற்றி ஆள் பிடித்து வந்தார். கணக்குப் பிரிவுக்காரரைக்கூட விடவில்லை.

அக்காவின் ரத்தம் ஒளிர்ந்தது. அடுத்தடுத்து எல்லோருடையதும் ஒளிர்ந்தது. கடைசியில் ஒன்று மட்டும் அப்பட்டமான இருட்டு. கணக்குப் பிரிவுக்காரர்! காய்ச்சல் என்று ஒருநாள்கூட லீவு போடாத மனிதர்.

“நங்கேனு ஆகல்லம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாது, கல்லு மாதிரி இருக்கேன்” என்று தன் கன்னடத் தமிழில் சொல்லிச் சிரித்தார்.

ஊரிலிருந்து திரும்பிய தலைமை விஞ்ஞானி, சிலருக்குப் பிறவியிலேயே அந்த ரிசப்டருக்கான ஜீன் இருக்காது, அதனால் கெடுதல் ஒன்றுமில்லை என்று வெகு சாதாரணமாகச் சொன்னார். நான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். “போதும்டி, கோட்டு நனையுது” என்றாரே தவிர, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ரிசப்டர் இல்லாமலேயே இத்தனை வருடம் நன்றாக இருந்துவிட்டேன். அன்றைக்கு அந்த அக்கா இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.